கால்பங்கு குறைத்துச் சொன்ன நாடு

வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். பதினொரு மணிக்கு அண்ணன் கோத்தகிரியிலிருந்து கூப்பிடுவான், டிக்கட் போடவா என்று கேட்பான், போடாதே, வரமாட்டேன் என்று நான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு சொல்லில் அண்ணனிடம் எதைச் சொல்லி எனக்குப் பழக்கம்? சின்ன வயதிலிருந்தே அவன் கேட்டு முடிப்பதற்குள் நான் தலையாட்டியிருப்பேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது ஒரு வசதி. சட்டைப் பையில் போன் கல் மாதிரிக் கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடாக இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் சிலிண்டர்தான் குளிர். வெறும் சிலிண்டருக்கு ஒரு தனிக் குளிர் இருக்கிறது, இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்தைத் தாண்டி எலும்புக்கு ஏறும் குளிர், உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஹட்டன் டவுனில் மூடுபனி கடைப் பலகைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் எழுபத்தொரு சிலிண்டர். பின்னால் எத்தனை என்று எண்ணவில்லை, பின்னால் இருப்பதை எண்ணுவது அற்பத்தனம். எல்லாவற்றின் கைப்பிடிக்குள்ளும் ஒரே நீளச் சங்கிலி ஓடுகிறது. போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக நாலு சிலிண்டர் காணாமல் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. ஆளுக்குக் கொஞ்சம் சங்கிலி கொண்டுவந்து ஒட்டுப்போட்டதில் நாய்ச் சங்கிலியும் உண்டு, கோயில் மணிச் சங்கிலியும் உண்டு. சாவி லூர்தம்மாவிடம். எனக்கு முன்னால் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, இடியப்பம் விற்கிறவள், அவளிடம். யாராவது பாதியில் விட்டுப் போவதென்றால் அவளிடம் வந்து சங்கிலியை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். அவள் சத்தமாக, “இன்னொருத்தரு போறாரு” என்பாள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நேற்று ஒருவர் அப்படிப் போனார். அந்த மனிதரின் பிடரியை நான் பார்த்தேன், அது என் பிடரியாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

எல்லாம் அந்தக் கேமராவால் வந்தது. முந்தாநாள் ஒரு பெண் மைக்கோடு வந்தாள், எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நான் திருப்பவில்லை. கூச்சத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்த முகம் கடல் தாண்டி, கோத்தகிரியில், அண்ணன் ராத்திரிச் சோறு தின்று கொண்டிருந்தபோது அவன் டிவியில் போய் விழுந்தது. பச்சை ஸ்வெட்டர், தலையில் துண்டுக்கட்டு, பக்கத்தில் நீலச் சிலிண்டர். “நம்ம சந்தனம்டி” என்று சோற்றுக் கையோடு எழுந்துவிட்டானாம். போன ஞாயிற்றுக்கிழமைதான் அவனிடம் சொல்லியிருந்தேன், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கேஸ் வீட்டுக்கே வந்துவிடுகிறது என்று. வீட்டுக்கே வருகிறதாம். அதை நான் ஏன் சொன்னேன்? கேஸ் கிடைக்கிறது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு அலங்காரம் செய்தால் இப்படித்தான். நேற்று அவன் எனக்குக் கூப்பிடவில்லை, என் மகளுக்குக் கூப்பிட்டான். யோகராணிக்கு மறைக்கத் தெரியாது. கேஸ் இல்லை, தேத்தண்ணிக்குப் பால்மா இல்லை, கார்மெண்ட்ஸில் பாதி நாள்தான் வேலை, மருமகன் வேலை செய்த கொழும்பு ஹோட்டலைப் பூட்டிவிட்டார்கள், அப்பா நெஞ்சு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அண்ணன் சொன்னானாம்: “அந்த நாடு முடிஞ்சுதுன்னு அவன்கிட்டச் சொல்லு. நாளைக்குப் பதினொரு மணிக்குக் கூப்பிடுறேன், சரின்னு சொன்னா அந்த நிமிஷமே டிக்கட்டு.” பாஸ்போர்ட் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகன் கல்யாணத்துக்காக எடுத்தது. நான் யோகராணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “நீங்க போனா எனக்கு நிம்மதியப்பா” என்றாள்.

நிம்மதி. அந்தச் சொல்லை நேற்று ராவிலிருந்து வாயில் போட்டு அடக்கிக்கொண்டிருக்கிறேன், கரையவில்லை. எந்த நிம்மதி? அப்பாவுக்கு மாத்திரை கிடைக்கும் என்ற நிம்மதியா, ஒரு தட்டு குறையும் என்ற நிம்மதியா? ஒரு தட்டு குறைந்தால் நிம்மதிதான், அதில் தப்பில்லை, அவளுக்கு அப்படி நினைக்க உரிமை இருக்கிறது. ஆனால் அவள் அப்படி நினைக்கிறவள் இல்லை. நினைக்கிறவள் இல்லைதான், இருந்தாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஏன் சொன்னாள்? அடுப்பில் விறகு ஈரம், புகை, கண் எரியும், அதனால் பார்த்திருப்பாள். இல்லை, புகை என்றால் அடுப்பைப் பார்க்காமல் அல்லவா இருக்க வேண்டும். விடு. பின்னாலிருந்து சிறிபால மாத்தயா என் முதுகைத் தட்டுகிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர், தமிழ் என்னைவிடச் சத்தமாகப் பேசுவார், நாற்பது வருஷம் பயணிகளைப் பின்னுக்குப் போகச் சொல்லிச் சொல்லி வந்த சத்தம். “சந்தனம் ஐயா, பங்களாதேஷ் நமக்கு கடன் குடுத்திருக்கு, தெரியுமா? பங்களாதேஷ்! வெள்ளம் வந்தா நாங்க சாமான் சேர்த்து அனுப்பின நாடு.” லூர்தம்மா திரும்பாமலே சொல்கிறாள்: “அந்தச் சாமானைத்தான் திருப்பி அனுப்புறாங்களோ என்னவோ.” மாத்தயாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நாங்க ரெண்டு பேரும் இந்தியாவுக்குப் போயிருவம் ஐயா. ஒங்களுக்கு அங்க அண்ணன் இருக்கிறார், எனக்கு அங்க புத்தர் இருக்கிறார்.” “ஒங்க புத்தர் மூணு தரம் இங்க வந்துட்டுப் போனாருன்னு நீங்கதானே மாத்தயா சொல்லுவீங்க?” என்கிறாள் லூர்தம்மா. “வந்தார், வந்தார்.” “அப்ப பாருங்க, அவருக்கே கேஸ் கிடைக்கல, தங்கல.” எல்லோரும் சிரிக்கிறார்கள், மாத்தயா எல்லோரையும்விடச் சத்தமாக. நானும் சிரித்திருப்பேன், ஆனால் சிரித்தால் நெஞ்சில் ஒரு இடத்தில் பிடிக்கிறது. இன்று காலை போட்டது அரை மாத்திரை. அரை மாத்திரைக்கு அரைச் சிரிப்பு.

மாத்திரையில்தான் அண்ணன் என்னை மடக்கப் பார்ப்பான். அவனுக்குத் தெரியும், அந்த இடத்தில்தான் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தது கண்டி பெரியாஸ்பத்திரியில், ஒரு சதம் வாங்கவில்லை. சின்னப் பெண் மாதிரி ஒரு டாக்டரம்மா, கையைப் பிடித்து, “பயப்பட வேணாம் அப்பச்சி” என்றாள். அதை அண்ணனிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு எவ்வளவு உயரமாக இருந்தது! அண்ணியின் வயிற்று ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், வாங்கிப் போட்டிருந்த மனைத்துண்டை விற்றார்கள். அதை அண்ணன் சொல்லவில்லை, அவன் மகன்தான் கல்யாணத்தின்போது வாய்தவறிச் சொன்னான். அண்ணன் சொன்னது, “இங்க கவர்மெண்டு எல்லாம் பாத்துக்குது” என்று. இப்போது நம்முடைய ஆஸ்பத்திரியில் சீட்டை எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொல்கிறார்கள், வெளியே போனால் இல்லை என்கிறார்கள். டாக்டரம்மா வெளிநாடு போய்விட்டாளாம். ஆக அந்த ஜெயிப்பும் போயிற்று. இல்லை, போகவில்லை. பழைய நெஞ்சு இன்னும் துடிக்கிறதே, அது எந்த நாட்டுக் கணக்கில் வரும்? தைத்த நூல் இந்த நாட்டு நூல். மாத்திரை இல்லாத நாடு என்று சொல்லட்டும், வைத்தியம் செய்யாத நாடு என்று சொல்ல விடமாட்டேன். பார், மறுபடியும் சண்டைக்குத் தயாராகிறேன். வரமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

யார் நாடு மேல் என்ற எங்கள் சண்டை ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. முதலில் கடிதத்தில், பிறகு டவுன் போன் கடையில், இப்போது சட்டைப் பையில். அவன் எழுபத்திநாலில் போனான். அந்த வருஷமும் வரிசைதான், பாணுக்கு, ரொட்டிக்கு வரிசை, விடியுமுன் போய் நின்று அரை இறாத்தல் பாண், அதுவும் சில நாள். அரிசியை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக விடவில்லை, தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கும் தீர்ந்து இலையைத் தின்றார்கள். அம்மா தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். அவளும் பொய் சொன்னவள்தான், எங்கள் வீட்டில் பொய் அங்கேயிருந்து வந்தது. அவள் போன மூன்றாம் மாதம் அண்ணனுக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் வந்தது. தலைமன்னார்க் கோச்சி ஏறும்போது ரயில் ஜன்னலில் என் கையைப் பிடித்துக்கொண்டான். “வாடா. இந்த நாடு முடிஞ்சுது” என்றான். எனக்கு அப்போதுதான் ஹார்ட்வேர் கடையில் ஆணி நிறுக்கும் வேலை கிடைத்திருந்தது. வேலை கிடைத்ததால் நின்றேனா, பயத்தால் நின்றேனா, அம்மாவைப் புதைத்த மண் ஈரம் காயவில்லை என்று நின்றேனா, எது முந்தி எது பிந்தி என்று இன்றைக்கும் தெரியாது. கோச்சி நகர்ந்தது, கையை அவன் விடவில்லை, நான்தான் இழுத்துக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து இங்கே வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள், ஜப்பான் ரேடியோவும் நைலக்ஸ் சேலையும் கடைகடையாய்க் குவிந்தன. அங்கே ஒரு ரேடியோவுக்கு ஆளாய்ப் பறந்தார்கள். நான் ஒன்று வாங்கி, போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன், அதைக் கடலைத் தாண்டிக் கன்னத்தில் ஒரு அறை கொடுத்த மாதிரிக் கொடுத்தேன். முடிந்த நாட்டிலிருந்து உனக்கு ரேடியோ வருகிறது, கேள். கேட்டான். ஆனால் எண்பத்திமூன்றில் அதே ரேடியோவில்தான் கொழும்பு எரிகிறது என்று கேட்டிருக்கிறான். நான் எழுதினேன், நாங்கள் சுகம் என்று. கடை முதலாளியின் கடை எரிந்து, ஆணியெல்லாம் ஒன்றோடொன்று உருகி ஒரு கட்டியாகிக் கிடந்தது. அதை எந்தத் தராசில் வைப்பது. சுகம் என்று எழுதினேன்.

அதற்கு முந்தியே, ரேடியோ அனுப்பிய காலத்திலேயே பழகிவிட்டது. எதற்கும் ஒரு அளவு வேண்டும் என்பது என் குணம், பொய்க்கும் அளவு வைத்தேன். எந்த விலை கேட்டாலும் கால்பங்கு குறைத்துச் சொல்வது. தேங்காய், அரிசி, பஸ் டிக்கட், எதுவானாலும் கால்பங்கு, அதற்கு மேல் ஒரு சதம் குறைக்கமாட்டேன். ஆணி நிறுத்த கை. அதிகமாகக் குறைத்தால் அது ஏமாற்று, குறைக்காமல் சொன்னால் தோல்வி. கால்பங்கு என்பது நாட்டுக்கு நான் கொடுத்த மரியாதை. இந்த நாடு எனக்குக் குடியுரிமைக் காகிதம் கொடுக்காமல் முப்பது வருஷம் வைத்திருந்த காலத்திலும் அந்தக் கால்பங்கை நான் நிறுத்தவில்லை. ஓட்டு இல்லை, பேர் இல்லை, இங்கே இந்தியாக்காரன் என்றார்கள். அங்கே அண்ணனைச் சிலோன்காரன் என்றார்கள். கல்யாணத்துக்குப் போனபோது என் காதாலேயே கேட்டேன், “சிலோன்காரர் வீட்டுக் கல்யாணம் எந்தப் பக்கம்?” என்று யாரோ வழி கேட்டார்கள், நாற்பது வருஷம் கழித்து. அண்ணன் வீடும் லயம்தான், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய் வீடு, இங்கே விட்டுப்போன அதே நீளம், அதே தகரம், இங்கே ஏழு வீடு என்றால் அங்கே எட்டு. விடியற்காலையில் குடம் உருளும் சத்தம் கேட்டு எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்க்கப் போனால் அண்ணன் எனக்கு முந்தி எழுந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறான், இரண்டு கையையும் விரித்து, சோம்பல் முறிக்கிற மாதிரி. “படு, படு, இன்னும் விடியல” என்றான். அவன் கக்கத்துக்குக் கீழே ஒரு இடைவெளி. அதன் வழியாகத் தெரு முழுக்க பிளாஸ்டிக் குடம், பெண்கள், ஒரு குழாய். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். பார்த்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு கால்பங்கு இருக்கும்தானே.

அவன் ஒரு காலத்துக்குப் பிறகு நிஜமாகவே ஏறிவிட்டான். தொண்ணூறுகளில் அங்கேயும் கதவைத் திறந்தார்கள், அவன் மகன் திருப்பூருக்குப் போய்க் கட்டிங் மாஸ்டராகிவிட்டான், பைக், பிறகு கார். இங்கே என் மகள் கார்மெண்ட்ஸில் கழுத்துப்பட்டி தைக்கிறாள். கல்யாணத்தில் இரண்டு பேரும் பேசிப் பார்த்ததில் ஒரே வெளிநாட்டுக் கடைக்குத்தான் இருவரும் சட்டை தைக்கிறார்களாம், அதே லேபிள். அன்று இரண்டு பேரும் எவ்வளவு சிரித்தார்கள். “அக்கா, நீங்க கழுத்த வைங்க, நான் கையை வைக்கிறேன்” என்றான் பையன். போன மாதம் அதே பையன் அண்ணனிடம் சொல்லி, அண்ணன் ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொன்னான்: “உங்க ஆர்டர் எல்லாம் இங்க வந்துருச்சுடா, பையன் ராப்பகலா ஓட்டுறான்.” சந்தோஷமாகத்தான் சொன்னான், அதில் விஷம் இல்லை. ஆனால் யோகராணி பாதி நாள் வீட்டில் இருக்கிறாளே, அந்தப் பாதி நாள் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. கடல் தாண்டி அவள் தம்பி வீட்டில் ஓடுகிறது. ரேடியோ போன வழியிலேயே போயிருக்கிறது. நான் “அப்படியா, நல்லது” என்றேன். தேங்காய் விலை கேட்டான். கால்பங்கு குறைத்துச் சொன்னேன்.

“அப்பா.” யோகராணி வந்து நிற்கிறாள். கையில் தேத்தண்ணிப் போத்தல், துணி சுற்றியது. “இந்தாங்க. சீனி இல்ல, கருப்பட்டி ஒரு துண்டு இருக்கு, கடிச்சுக்குங்க.” இன்றைக்கு அவள் வேலைக்குப் போகவேண்டிய பாதி நாள். “நீ போகலையா?” “பஸ் இல்ல. அடுத்தது வந்தாப் போவேன்.” லூர்தம்மா இவளைப் பார்த்துவிட்டாள். “யோகா, உங்கப்பா டிவியில வந்ததுக்குக் காசு கேட்டு வாங்கு. எங்களையெல்லாம் வெட்டிட்டு இவர மட்டும் போட்டிருக்கான்.” “அவருக்குத்தான்க்கா வரிசையில ஆகச் சோகமான மூஞ்சி.” “சோகமில்ல அது,” என்கிறார் மாத்தயா, “நிறை பார்க்கிற மூஞ்சி.” யோகராணி சிரித்துவிட்டு என் பக்கம் குனிகிறாள், குரலைக் குறைத்து, “பெரியப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?” என்கிறாள். கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டேன், வாயில் ஏதாவது இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. “சரின்னு சொல்லுங்கப்பா. மாத்திரை எண்ணிப் பார்த்தேன்.” ஓ, அவளும் எண்ணுகிறாள். நான் மட்டும்தான் எண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில், கண்ணில் புகைச் சிவப்பு இல்லை, வேறு சிவப்பு. அப்படியானால் தட்டு இல்லை. மாத்திரைதான். நேற்று ராத்திரி முழுக்க ஒரு தட்டை வைத்துக்கொண்டு அவளை நிறுத்துக்கொண்டிருந்தேனே, வெட்கம், கருப்பட்டியைக் கடித்து விழுங்கினேன். “யோகா,” என்றேன், “நான் போயிட்டா இங்க யாரு நிக்கிறது?” “எங்க?” “இங்க. நீ நின்னா ஒரு நாள் சம்பளம் போகும். கேஸுக்கு ரெண்டு மூணு நாள், மண்ணெண்ணெய்க்கு ஒரு நாள், பால்மா வந்தா அதுக்கு ஒரு நாள்.” அவள் வரிசையின் நீளத்தைப் பார்க்கிறாள். அந்தக் கணக்கு அவள் போடாத கணக்கு. நானும் சொல்லும்வரை போட்டதில்லை. சொன்ன பிறகு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது: நாடு நன்றாக இருந்தபோது இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெயில் காய்கிற கிழவன். நாடு விழுந்ததும் எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. வரிசையில் நிற்பது என் உத்தியோகம். ஆணி நிறுத்ததைவிட ஒழுங்காகச் செய்கிறேன்.

போன் அடிக்கிறது. நெஞ்சுக்கு மேலேயே அடிப்பதால் எது நெஞ்சு எது போன் என்று ஒரு நொடி தெரியவில்லை. “டேய் சந்தனம்.” “சொல்லுண்ணே.” “எங்க இருக்க?” வழக்கமாக வீட்டில் என்பேன். “வரிசையில” என்றேன். அதை அவன் எதிர்பார்க்கவில்லை. “என்ன வரிசை?” “கேஸ். மூணாவது நாள். நீதான் டிவியில பார்த்தியே.” “பார்த்தேன். இளைச்சுட்ட.” “அது கேமரா.” “என்ன விலைடா இப்ப ஒரு சிலிண்டர் அங்க?” வாய் தானாகக் கால்பங்கு குறைக்கப் போனது, நாற்பது வருஷப் பழக்கம். நான் அதைப் பல்லுக்கு உள்ளே பிடித்தேன். எதற்குக் குறைக்க வேண்டும்? விழுந்த நாட்டை அதன் முழு நிறையோடு சொன்னால் என்ன? “நாலாயிரத்து எண்ணூறு” என்றேன். முதல் தடவையாக, முழு விலை. அண்ணன் அந்தப் பக்கம் முணுமுணுக்கிறான், அவன் சின்ன வயதிலிருந்தே வாய்விட்டுத்தான் கணக்குப் போடுவான்: “நாலாயிரத்து எண்ணூறு… கால் கூட்டினா ஆயிரத்து இருநூறு… அடப் பாவிகளா, ஆறாயிரமா! டேய், ஆறாயிரம் குடுத்து யாருடா கேஸ் வாங்குவா?” எனக்குக் காது அடைத்தது. “என்னண்ணே கூட்டுற?” “கூட்டாம? நீ எப்பவும் கால்வாசி குறைச்சுத்தானே சொல்லுவ.” “யாரு சொன்னா?” “யாரும் சொல்லணுமா? எனக்குப் பின்னாடி வந்தவங்ககிட்ட அரிசி விலை கேட்டேன், தேங்கா விலை கேட்டேன், உன் கடுதாசியோட வச்சுப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் அதே கால். நிறுத்த கைக்குக் கூடக்குறையச் சொல்ல வராதுன்னு உங்கண்ணிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அதுலேர்ந்து நீ எது சொன்னாலும் கால் கூட்டிக்குவேன்.”

கூட்டிக்கொண்டானாம். நாற்பது வருஷமாக நான் குறைத்துக் கொடுத்ததை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாங்கி, மறுபடி ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், சோம்பல் முறிக்கிற மாதிரி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றவன். வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் வேறொன்று உறுத்தியது, வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு அது முன்னால் வந்தது. “அண்ணே, கால் குறைச்சதுக்குக் கால் கூட்டினா எப்படி சரியாகும்? நூறை நான் எழுபத்தஞ்சுன்னு சொன்னா, நீ எழுபத்தஞ்சுல கால் கூட்டினா தொண்ணூத்து மூணே முக்கால்தானே வரும். மூணுல ஒரு பங்கு கூட்டணும்.” “அட, அப்படியா?” “அப்படித்தான். நாப்பது வருஷமா எங்க நாட்டை நீ நூத்துக்கு ஆறே கால் மலிவாத்தான் நினைச்சிருக்க.” அண்ணன் சிரிக்கத் தொடங்கினான். அவன் சிரிப்பு இருமலாகி மறுபடி சிரிப்பாகி வருகிறது. “அப்ப எண்பதுல ஒருதரம் வந்திரலாமான்னு நினைச்சனே, அது அந்த ஆறே காலால வந்த நினைப்புதான்டா.” எனக்குச் சிரிக்க முடியவில்லை. வரலாமென்று நினைத்தானா? சொல்லவேயில்லையே. “இன்னைக்குச் சொன்னது சுத்தக் கணக்கு. கூட்டாத” என்றேன். “அப்ப நாலாயிரத்து எண்ணூறேவா?” “அதேதான். உன் விலைய சொல்லு. போன வாரம் எழுநூத்தம்பதுன்னு சொன்ன.” அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது. “ஆயிரத்தத் தாண்டிருச்சு தம்பி! இந்தாளு பேச்ச நம்பாதீங்க, ரெண்டு மாசமா நாங்க விறகுதான் எரிக்கிறோம்!” “ஏய், நீ சும்மா இரு.” “எதுக்குச் சும்மா இருக்கணும், தம்பிதானே.” அவனும் கால்பங்குதான் குறைத்திருக்கிறான். ஒரே அம்மா வயிறு. நான் உடனே பெருக்கிப் பார்த்தேன். அங்கத்தைய ஒரு ரூபாய்க்கு இங்கத்தைய நாலரை, கொஞ்சம் கூட. ஆயிரத்தைத் தாண்டியதென்றால் ஆயிரத்து முப்பது, நாற்பது. “அண்ணே, ரெண்டும் ஒரே விலை.” “என்னடா சொல்ற?” “உன் சிலிண்டரும் என் சிலிண்டரும். உன்னது ஒண்ணேமுக்கால் கிலோ கூட, அவ்வளவுதான்.” யோகராணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். லூர்தம்மா மூச்சுவிடாமல் கேட்கிறாள், கேட்காத மாதிரி.

“சரிடா, விலைய விடு,” என்றான் அண்ணன். குரல் மாறிவிட்டது, ஜன்னலில் கையைப் பிடித்தவன் குரல். “இங்க காசிருந்தா கேஸ் கிடைக்கும். அங்க காசிருந்தாலும் கிடைக்கலயே. மாத்திரையும் அப்படித்தான். அந்த வித்தியாசத்துக்கு என்ன சொல்ற?” அது நிஜம், எந்தப் பங்கைக் குறைத்தாலும் கூட்டினாலும் நிஜம். “நீ சொல்றது சரிதான்” என்றேன். “அப்ப டிக்கட் போடவா?” மூடுபனிக்குள் எங்கேயோ ஒரு லொறி கியர் மாற்றி மேட்டில் ஏறுகிறது. வரிசையில் எல்லாத் தலையும் திரும்புகிறது, மரக்கறி லொறி, எல்லாத் தலையும் பழையபடி. “போடாத. நான் வரல.” சொல்லிவிட்டேன். ஒரு சொல் என்று நினைத்தது மூன்று சொல்லாக வந்தது. “டேய், வரிசையில நிக்கவா ஒரு மனுஷன் ஒரு நாட்டுல இருப்பான்?” “எழுபத்திநாலுலயும் நின்னேன். நீ போனப்புறம் உன் இடத்துலயும் சேர்த்து நின்னேன். அன்னைக்கும் நாடு முடிஞ்சுதுன்னுதான் நீ சொன்ன, மூணு வருஷத்துல உனக்கு ரேடியோ வந்துச்சு.” “இப்பவும் அப்படி எழும்புமாடா?” “தெரியாது. எழும்பும்போது நான் இங்க இருக்கணும். காகிதம் தராம முப்பது வருஷம் என்னை வச்சிருந்த நாடு, அப்பவே நான் போகல. இப்ப அதுகிட்ட ஒண்ணும் இல்லைங்கிறப்ப விட்டுட்டு வந்தா, குடுத்தாத்தான் இருப்பேன்னு ஆயிரும்.” இவ்வளவு நீளமாக நான் அண்ணனிடம் பேசியதே இல்லை. பிறகு அண்ணன், “மாத்திரை?” என்றான். அதற்கும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு நீண்டது. யோகராணியின் விரல்கள் தோளில் அழுத்தின, எலும்பு தெரிய அழுத்தின. “மாத்திரைய அனுப்பு,” என்றேன். “பேரை யோகா எழுதி அனுப்புவா. மாத்திரை வரலாம், ஆள் வரமுடியாது.” “எத்தனை?” “அதை அவகிட்டக் கேளு. அவதான் எண்ணுறா.”

போனைப் பைக்குள் போட்டபோது அது சூடாக இருந்தது. யோகராணிக்குக் கோபம் என்று நினைத்தேன். அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, “பஸ் வந்துருச்சு. மத்தியானம் சோத்த அனுப்பி விடுறேன், நின்னுக்கிட்டே சாப்பிடாதீங்க, உக்காந்து சாப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். தேத்தண்ணிப் போத்தல் இன்னும் சூடு. வரிசை ஒரு இஞ்சுகூட நகரவில்லை. லூர்தம்மா இப்போது முழுவதும் என் பக்கம் திரும்பிவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், ஆனால் கேட்டதாகக் காட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். மடியிலிருந்து சாவியை எடுத்து விரலில் ஆட்டினாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி, “என்னண்ணே, இந்தியாவுக்கா? சங்கிலிய அவுக்கவா?” என்றாள். பின்னாலிருந்து மாத்தயா எட்டிப் பார்த்தார். எழுபத்தொரு சிலிண்டர்க்காரர்களும் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. பார்க்கட்டும். நான் சிலிண்டரில் நன்றாகத் தள்ளி, முழு நிறையோடு உட்கார்ந்தேன். “வேணாம் லூர்தம்மா,” என்றேன், எனக்கே என் குரல் சத்தமாகத்தான் கேட்டது, “நாய்ச் சங்கிலி ஒட்டு ஒண்ணு விட்டிருக்கு பாரு, அதை இறுக்கு.”